வாழைக்கன்று நின்ற நான்கு மூலைகள்

என் மாமனார் என்னை "வாங்க மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நாற்காலியை இழுத்துப் போடுவார், தோள் துண்டால் அதை ஒரு தட்டு தட்டுவார், நான் உட்கார்ந்த பிறகு உத்திரமேரூரில் மழை உண்டா என்று விசாரிப்பார். அதே வாசலில் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், வந்து நின்றால் "இன்னாடா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்பார். அவருக்கு நாற்காலி கிடையாது. அவர் நேராகச் சமையலறைக்குள் போய்க் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். எங்கள் அத்தை கரண்டியை ஓங்குவார், அடிக்க மாட்டார்.

நான் அந்தச் சட்டியை இதுவரை திறந்து பார்த்ததில்லை.

மாமனார் ஊர் காவாந்தண்டலம். பயிர் வைக்கும் குடும்பம். அவருக்கு இரண்டு பெண்கள்தான், மகன் இல்லை. சென்னையே மூழ்கிய அந்தக் கார்த்திகைக்கு அடுத்த தை மாதம், அறுவடைக்கு ஆள் கூப்பிடப் போன மனிதர் சதுரங்கப்பட்டினம் கடற்கரையிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தேதியும் கிழமையும் என்னிடம் உண்டு. நான் எல்லாவற்றுக்கும் தேதி வைக்கிறவன். அவரும் ஊரைச் சுற்றி ஐந்தாறு பேரும் சேர்ந்து ஏரி மீனைக் கூட்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். குத்தகைதான் கூட்டு. படகு அவருடைய சொந்தம்.

ஏரியில் மீன் பிடிக்கும் நாளன்று கரை முழுக்கச் சனம் நிற்கும். படகின் முன்பக்கத்தில், ஆள் நிற்பதற்கென்று மேலே மூடிய தளம் ஒன்று உண்டு. அதில் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். வலையை எங்கே விட வேண்டும், எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று கையைக் காட்டுவார். கரையில் நிற்கிறவர்கள் வேறு யாரையும் பார்க்க மாட்டார்கள். நான் கடலைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். உரக்கடையில் வேலை செய்துகொண்டு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தவன். அந்தத் தளத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. பிறகு ஆசை வளர்ந்து, அந்தப் படகே எனக்கு வேண்டும் என்று ஆனது.

மாமனாருக்கு முட்டி வலி வந்தது. சென்ற தை மாதம் காணும் பொங்கலன்று, சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இனிமேல் தன்னால் படகில் நின்று வேலை செய்ய முடியாது. படகையும் குத்தகையில் தன் பங்கையும் இரண்டு மருமகன்களில் ஒருவர் கையில் ஒப்படைத்துவிடப் போகிறார். யார் கையில் என்று ஏரி வற்றியதும் சொல்வார். அதற்கு முன் படகைச் சரிசெய்ய வேண்டும்.

"போன தபா நின்னப்ப காலு கீழ போவுது மாப்ள," என்றார் என்னிடம். "பலக மேல நிக்கிற மாரியே இல்ல. பணியாரம் மாரி அமுங்குது."

அன்று உத்திரமேரூர் திரும்பும்போது பேருந்தில் நான் மனதுக்குள் ஒரு பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஏரி வாரியத்துக்கு யாரை எடுக்கலாம் என்று சோழர் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். நான் இரண்டிலும் தேறினேன். சகலைக்கு முப்பத்து மூன்று, குடியிருப்பது வாலாஜாபாத்தில் வாடகை வீடு. ஆயிரம் வருடத்துக்கு முந்தின சட்டத்தின்படி அவர் படகுப் பக்கமே வரக்கூடாது என்று நான் தீர்ப்பு எழுதி முடிக்கையில் என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னா வோணும்? படகா, எங்கப்பாவா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும், சகலை வரவில்லை. ஏரி பாதிக்கு மேல் வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. படகை மதகுக்குப் பக்கத்தில் கரையேற்றிப் புளியமரத்தடியில் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நான் திருப்புளியின் கைப்பிடியால் தளத்தை ஒரு மூலையிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் டக் டக் என்று கேட்கும். கெட்ட இடத்தில் ஊறின சாக்கைத் தட்டுவதுபோல் தொப்பென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்துப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டேன். போட்டு முடித்துப் பார்த்தபோது தளத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு வட்டங்கள், நடுவில் சற்றுப் பெரியதாக ஒன்று.

மாமனார் ஊன்றுகோலில் கைவைத்து நின்று பார்த்தார். "கோலம் போட்ட மாரி கீது மாப்ள," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் ஏதாவது சொல்வார் என்று நிமிர்ந்தபோது, கரைமேல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் கண்கள் அந்தப் பக்கம் போய்விட்டன.

சகலை ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். வண்டியின் பின்னால் ரெசின் என்கிற பிசின் டப்பா, கட்டிங் மெஷின், மேட் என்று அவர்கள் சொல்லும் கண்ணாடி இழைப் பாய்ச் சுருள் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போதே மாமனார், "ஏன்டா, முகூர்த்தம் பாத்துக்கினு வந்தியா?" என்றார். "மாமியா வூட்டுக்கு வரேன், குளிச்சிக்கினு வரதில்லையா?" என்று சகலை சொன்னார். புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் காலையிலிருந்து முட்டி போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒருவரும் சீட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

இந்த மாதிரிப் படகுத் தளத்தை போளிக்கு நடுவே பூரணம் வைத்ததுபோல் நினைத்துக்கொள்ளலாம். மேலே ஃபைபர் தோல், கீழே ஃபைபர் தோல், நடுவே பிளைவுட் பலகை. மேல்தோலில் எங்காவது ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே போய்ப் பலகையை அழுக வைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சகலை வட்டங்களைப் பார்த்துவிட்டு, சின்னச் சின்னதாகத் துளை போட்டு ரெசினை உள்ளே செலுத்திவிடலாம், மாலைக்குள் முடிந்துவிடும் என்றார். நான் மறுத்தேன். ஈரப் பலகையில் ரெசின் பிடிக்காது, ஊற்றினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகும், மேல்தோலை அறுத்து அழுகினதை எடுத்துக் காயவைத்துப் புதுப் பலகை வைக்க வேண்டும் என்றேன். இதைச் சொல்லத்தான் நான் மூன்று மாதமாகப் படித்து வந்திருந்தேன்.

மாமனார் நான் சொன்னதைக் கேட்டார். பிறகு சகலை பக்கம் திரும்பி, "நீ இன்னாடா சொல்ற?" என்றார்.

சகலை எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தயாராக இருந்தேன். அவர், "அண்ணன் சொல்றதுதான் கரெக்ட்டு மாமா. நான் சோம்பேறித்தனத்துல சொன்னேன்," என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு ஒயர் இழுக்கப் போய்விட்டார். "பாரு, ஒத்துக்குறான் பாரு," என்று மாமனார் சந்தோஷப்பட்டார். என் யோசனை ஜெயித்தது, பாராட்டு அவருக்குப் போயிற்று.

அறுக்கும் வேலையை அவர் செய்தார். மெஷின் பிளேடு கீழ்த்தோலைத் தொடாதபடி மேல்தோலை மட்டும் என் சாக்பீஸ் கோட்டின் மேலேயே கொண்டுபோனார். முதல் மூலையை நெம்பித் தூக்கியபோது புளித்த வாடை வந்தது. உள்ளே பலகை என்று ஒன்று இல்லை. கறுத்துப்போய், விரலால் அள்ளினால் வரும்படி ஈரமாக ஏதோ இருந்தது. நான் கொத்துக்கரண்டியால் வழித்தேன். கரண்டி எதிலோ இடறியது. துருப்பிடித்த ஆணித்துண்டு.

அறுத்தெடுத்த மேல்தோலைத் திருப்பிப் பார்த்தேன். ஆணி போன ஓட்டைகள் ஏழெட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொன்றையும் சுற்றித் துருவின் பழுப்பு வளையம். இரண்டாவது மூலையிலும் அப்படியே. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மாமனார் ஆயுத பூஜையை அந்தப் படகுக்குத்தான் கொண்டாடுவார். டிராக்டருக்குச் சந்தனப் பொட்டோடு சரி. படகுக்கு நான்கு மூலையிலும் வாழைக்கன்று நிற்க வேண்டும். ஃபைபரில் கன்றைக் கட்ட எதுவும் கிடையாது என்பதால் மூலைக்கு மூலை ஆணி அடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டுவார். சுத்தியலை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். பூஜை முடிந்ததும் தளத்தின் நடுவே பூசணிக்காய் உடைப்பார். மறுநாள் ஆணியைப் பிடுங்கிவிடுவார், வராதது உள்ளேயே உடைந்து நிற்கும். அடுத்த ஆண்டு பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஆணி. ஐப்பசி மழை அந்த ஓட்டைகளின் வழியேயும், பூசணிக்காய் விழுந்து விரிசல் விட்ட நடுவின் வழியேயும் உள்ளே இறங்கியிருக்கிறது. படகு கடலில் இருந்தவரை கெடாமல்தான் இருந்திருக்கிறது.

நான் சகலையைப் பார்த்தேன். அவரும் ஓட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி ஆணித்துண்டை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாமனார் மரத்தடியில் சீட்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

குழிகள் காய அடுத்த ஞாயிறு வரை விட்டோம். அந்த வாரம் முழுவதும் நான் கடை மூடியதும் சைக்கிளில் போய், ராத்திரி ஈரம் இறங்காமல் தளத்தின்மேல் தார்ப்பாயை மூடிவிட்டு வந்தேன். காலையில் மூடியதை எடுக்க மாமனார் வீட்டு ஆள் இருந்தார். ஒருநாள்கூட யாரும் எதுவும் கேட்கவில்லை. சகலை புதன்கிழமை ஒரே ஒருமுறை வந்து, ஒரு குலை நுங்கை இறக்கி வைத்துவிட்டுக் குழியில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை நான் போனபோது அந்த நுங்கைப் பற்றி அத்தை எனக்கு விவரமாகச் சொன்னார். எவ்வளவு இளசு, எத்தனை கண், யார் யார் சாப்பிட்டார்கள் என்பது வரை.

ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பிரித்துக்கொண்டோம். இடப்பக்க மூலைகள் இரண்டும் நடுவில் இருந்த பெரியதும் சகலைக்கு, வலப்பக்க மூலைகள் இரண்டும் எனக்கு. காகிதத்தில் குழியின் அச்செடுத்து அதன்படி பிளைவுட்டை அறுத்து, ஓரமெல்லாம் ரெசின் குடிக்கவிட்டு, குழியில் ரெசினில் நனைத்த மேட் விரித்து, அதன்மேல் பலகையை உட்காரவைத்து, யூரியா சாக்கில் மணல் நிரப்பிப் பாரம் ஏற்ற வேண்டும். நான் அளந்து அளந்து செய்தேன். என் பலகை குழியில் தீப்பெட்டிக்குள் தட்டுப்போல் உட்கார்ந்தது. அவர் கண்ணால் பார்த்தே அறுத்தார். அதுவும் உட்கார்ந்துவிட்டது.

பிறகு ஒன்று நடந்தது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைத் துளிக் கணக்கில்தான் விட வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் குறைவாக. சகலை பேச்சு சுவாரஸ்யத்தில் பட்டறை அளவுக்கு ஊற்றிவிட்டார். பட்டறையில் கூரை உண்டு, ஏரிக்கரையில் கத்திரி வெயில். வாளி சூடாகி, மஞ்சளாகி, புகைய ஆரம்பித்தது. அவர் "ஐயோ" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஓடினார். ரெசின் வாளியிலேயே கல்லாகி, கலக்கும் குச்சி நட்டமாக நின்றுவிட்டது. என் மனதில் அந்த நேரத்தில் ஓடியதை மறைக்க வேண்டியதில்லை. மாமனார் இதைப் பார்க்க வேண்டும் என்று திரும்பினேன்.

பார்த்திருந்தார். ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "டேய், அத்த அப்டியே கொண்டாந்து வூட்ல வைடா. கொடி ஏத்தலாம்." அந்த வாளி இன்றும் அவர்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். தீப்பெட்டித் தட்டுப்போல் உட்கார்ந்த என் பலகையைக் காட்ட வழியில்லை, அது ஃபைபருக்கு அடியில் போய்விட்டது.

மத்தியானம் அத்தை சோறும் விரால் குழம்பும் கரைக்கே கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமனார் கேட்டார். கடலில் அத்தனை காலம் ஓடிய படகு, இந்த ஏரித் தண்ணீரில் ஏன் இப்படி அழுகியது? சகலை சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்தக் காலத்துப் பிளைவுட் மட்டமான சரக்கு, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார். மாமனார் தலையாட்டினார். "எனுக்கு அப்பவே டவுட்டுடா," என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. விரால் துண்டு ஒன்றை எடுத்துச் சகலையின் இலையில் வைத்தார்.

அந்தத் துண்டை நான் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"பலகை நல்ல பலகைதான் மாமா. ஆயுத பூஜைக்கு நீங்க அடிச்ச ஆணிதான். ஓட்டை வழியா தண்ணி எறங்கிடுச்சி. நாலு மூலையும் அதனாலதான். சகலை பாக்கெட்ல ஆணி இருக்கும், பாருங்க."

அத்தை என்னைப் பார்த்தார். சகலை இலையைப் பார்த்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாமனார் கொஞ்ச நேரம் மென்றார். விழுங்கிவிட்டு, என் பக்கம் நன்றாகத் திரும்பி, "சரிங்க மாப்ள," என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க." அதற்குமேல் அந்த நாளில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் அவ்வளவு மரியாதையாக இருந்தது.

சாயங்காலம் பாரத்தை இறக்கி, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, மேலே மேட் பாயை அடுக்கடுக்காக ரெசினில் ஒட்டி, காற்றுக் குமிழி நிற்காமல் ரோலர் உருட்டினோம். நானும் சகலையும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருதரம் மட்டும் அவர், "அண்ணே, உங்க பக்கம் நைஸா வந்துகீது," என்றார். அவர் கேலியாகச் சொல்கிறாரா, மனதாரச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முயன்றேன். மனதாரத்தான் சொல்லியிருந்தார். அது எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

வைகாசி பிறந்து, மேற்பூச்சும் முடிந்து, கால் வழுக்காமலிருக்க மணல் தூவிப் பெயிண்ட் அடித்தாயிற்று. மாமனார் ஊன்றுகோலோடு தளத்தில் ஏறி ஒவ்வொரு மூலையிலும் குத்திப் பார்த்தார். எங்கும் டக் டக் என்றுதான் கேட்டது. இறங்கி வந்து என்னைத் தனியாக மதகுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அவன் கையில குட்த்துடலாம்னு கீறேன் மாப்ள. நீங்க பெரியவங்க. தப்பா நெனச்சிக்கக் கூடாது."

"சரிங்க மாமா," என்றேன். வேறு என்ன சொல்வது? காரணம் கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதையாக ஒரு காரணம் சொல்லியிருப்பார். அன்றிரவு என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் விளக்கை அணைத்துவிட்டு, "கெடைச்சிருந்தா மட்டும் உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஆனியில் மீன் பிடித்தபோது சகலை தளத்தில் நின்றார். நான் போகவில்லை, கடையில் சரக்கு வருகிறது என்று சொல்லிவிட்டேன். சரக்கு அடுத்த நாள்தான் வந்தது.

ஆயுத பூஜைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மூத்த மருமகன் இல்லாமல் பூசணிக்காய் உடைக்க மாட்டார்கள். இந்த முறை ஆவணி மழையிலேயே ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது. படகு மதகோரம் மிதந்துகொண்டிருந்தது. கரையில் நான்கு வாழைக்கன்றுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மாமனார் கையில் சுத்தியல் இல்லை.

கிட்டத்தில் போனபோதுதான் பார்த்தேன். தளத்தின் நான்கு மூலைகளிலும் ஃபைபரிலேயே செய்த நான்கு குவளைகள், சொம்பளவு அகலம், தளத்தோடு தளமாக ஒட்டி வைத்து மேட் போட்டு இழைத்திருந்தது. தண்ணீர் தங்காமலிருக்கப் பக்கத்தில் சிறு வழி வேறு. தளத்தில் ஓர் ஓட்டை இல்லை. பூசணிக்காய் உடைக்கவும் ஒரு கருங்கல் பலகையைக் கரையிலேயே சகலை போட்டு வைத்திருந்தார்.

"ஆணி அடிச்சா நீ குந்திக்கினு இருக்கணும், முட்டி நோவும்," என்று சகலை மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப நின்னாமாரியே சொருவிக்கலாம், பாரு."

"பொய் சொல்லாதடா," என்றார் மாமனார். "ஆணிதான் கெட்த்துதுன்னு அன்னிக்கே பெரிய மாப்ள சொல்லிட்டாரு. அதுக்குத்தான இதெல்லாம் பண்ணிக்கினு கீற."

கூட்டுக் குத்தகைக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்டுபிடித்தவன் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. ஆனால் நான் அந்தக் குவளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி என்று தெரிந்த பிறகு எனக்குச் சொல்லத்தான் தோன்றியது. இப்படி ஒன்றைச் செய்து வைக்கலாம் என்று, வாரம் முழுக்கத் தார்ப்பாய் மூடப் போன எனக்கு, ஒருதடவைகூடத் தோன்றவில்லை. படகு அவருக்குப் போனபோதுகூட எனக்கு அவ்வளவு வயிறு எரியவில்லை.

மாமனார் ஒவ்வொரு கன்றாக வாங்கிக் குவளையில் செருகினார். அசையாமல் நின்றன. கற்பூரம் காட்டியானது. பிறகு எல்லோரும் ஒரு சுற்று போய்வரப் படகில் ஏறினார்கள். நான் கடைசி ஆளாக நின்றேன். கரையிலிருந்து ஒரு காலை இடப்பக்க மூலையில், சகலை போட்ட ஒட்டின்மேல் வைத்து, யாரும் கவனிக்காதபடி குதிகாலால் அழுத்தினேன். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக.

"மிதிச்சிப் பாத்தது போதும்," என்றார் மாமனார், வாழை இலைக்குப் பின்னாலிருந்து. "ஏறுடா."

படகிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். சகலைதான் முதலில் சிரித்தார். கையையும் அவர்தான் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அந்த மூலையில் வைத்து ஏறினேன். அமுங்கவில்லை.